வணக்கம் போடாத படம்

ஞானேந்திரன் படங்களுக்குப் புள்ளி போடுகிறவர். நூற்றுக்குத்தான் போடுவார். கதைக்கு இருபது, நடிப்புக்கு இருபது, பாட்டுக்குப் பத்து, மிச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து, முடிவுக்கு நாற்பது. முடிவுக்கு ஏன் அவ்வளவு என்று யாரும் கேட்டால், "ரெண்டரை மணித்தியாலம் ஒழுங்காக் கதைச்சுப்போட்டு வெளிக்கிடேக்கை உளறிறவனை நல்ல பேச்சாளன் எண்டோ சொல்லுவியள்?" என்பார்.

தொண்ணூற்று மூன்றில் அகதியாக மொன்றியலில் வந்து இறங்கிய மாதத்திலிருந்து அவர் பார்த்த தமிழ்ப் படங்கள் அத்தனையும் பதினொரு அப்பியாசக் கொப்பிகளில் இருந்தன. படத்தின் பெயர், பார்த்த திகதி, புள்ளி, ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே அவரை ஆட்கள் தேடுவார்கள். கோயில் வீதியில், மெற்றோ படிக்கட்டில், மரணவீட்டில் கூட யாராவது ஒருவர் ஒதுக்குப்புறமாக அழைத்து, "ஞானம் அண்ணை, உந்தப் புதுப்படத்துக்கு எத்தினை?" என்று கேட்பார். அவர் உடனே சொல்லமாட்டார். கழுத்துப் பட்டியைச் சரிசெய்வார். பிறகு, "முப்பத்தெட்டு. முடிவுக்குப் பூச்சியம்" என்பார். கேட்டவர் அந்தப் படத்தைப் பார்க்கமாட்டார்.

வேலை, கோட்-டெ-நெய்ஜில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். வாட்டிலிருந்து எக்ஸ்ரேக்கும் எக்ஸ்ரேயிலிருந்து வாட்டுக்கும் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது. இருபத்தேழு வருடங்கள். சுவரிலுள்ள தகட்டை முழங்கையால் ஒரு இடி இடித்தால் கதவுகள் தாமாகத் திறக்கும். அவருக்கு இப்போது அறுபது வயது. கலியாணம் பேசி வந்த இரண்டு இடமும் தவறிப்போயிற்று. வந்த புதிதில் ஏழு பேரோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்த மூன்றாம் மாடி வீட்டில், மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராகக் குடும்பமாகி லவாலுக்கும் அஹுன்ட்சிக்குக்கும் போய்விட, அவர் மட்டும் அங்கேயே இருந்தார்.

பதினொரு கொப்பிகளிலும் முடிவுக்கு நாற்பதுக்கு நாற்பது வாங்கியது ஒரேயொரு படம். 'மூன்றாம் வீட்டுக் கதவு'. தொண்ணூற்றாறில் வந்தது. மொத்தம் தொண்ணூற்று நான்கு. நாலாம் கொப்பி, ஒன்பதாம் பக்கம். பக்கத்தில் எழுதியிருந்த ஒரு வரி: 'வணக்கம் கூடப் போடாமல் முடித்த மனுசன்.'

அந்தப் படத்தை மொன்றியலில் அந்த நாள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு சகோதரர்கள். இளையவன் தாயைத் தனியே விட்டுவிட்டு ஊரை விட்டுப் போகிறான். தாய் செத்துப்போகிறாள். வெளியூரில் இருந்த தமையன் வந்து கொள்ளி வைக்கிறான். வருடங்கள் கழித்து ஒரு மழைநாளில் தம்பி திரும்பிவந்து கதவைத் தட்டுகிறான். தமையன் திறக்கிறான், பார்க்கிறான், சாத்துகிறான். திரை கறுப்பாகிறது. அவ்வளவுதான் படம். சமரசம் இல்லை, கட்டிப்பிடித்து அழுகை இல்லை, கைகூப்பிய படத்தோடு 'வணக்கம்' என்ற எழுத்தும் இல்லை.

"தமிழிலை மன்னிக்காமல் முடிஞ்ச ஒரே படம்" என்பார் ஞானேந்திரன். "மற்றவன் எல்லாம் கடைசி ரீலிலை கோயில் மணியை அடிச்சு எல்லாரையும் ஒண்டாக்கிப் போடுவான். இவன் ஒருத்தன்தான் ஆம்பிளை."

இதைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அதுவும் எல்லாருக்கும் தெரியும். தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவருடைய தம்பி யோகேந்திரன் தாயைச் சாவகச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்து, ஏஜென்சிக்காரன் காட்டிய வழியில் வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டான். அடுத்த வருடம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாய் காய்ச்சலில் செத்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. கடிதம் ஏழு கிழமை கழித்து வந்தது. ஞானேந்திரன் அந்தப் படத்தைப் பார்த்தது கடிதம் வந்த மாதத்தில்.

தொண்ணூற்றெட்டு பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், யோகேந்திரன் ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினான். தட்டுவதற்கு முன் சப்பாத்திலிருந்த பனியைப் படியில் உதைத்து உதைத்து உதறிய சத்தம் ஞானேந்திரனுக்குக் கேட்டது. யாரோ மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தபடிதான் திறந்தார். பார்த்தார். சாத்தினார். வெளியே குரல் ஏதோ சொல்லத் தொடங்கவும் போய் ரிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். பின்னேரம் கதவைத் திறந்தபோது மாடி நடையோடையில் யாரும் இல்லை. கம்பளத்தில் சப்பாத்துகள் நின்ற இடத்தில் இரண்டு வெள்ளை அடையாளங்கள் இருந்தன, ரோட்டில் போடுகிற உப்பு காய்ந்தது. கட்டடக்காரன் சித்திரையில் கம்பளம் கழுவும்வரை அவை அங்கேயே இருந்தன. அவர் காலை எட்டி வைத்து அவற்றைக் கடந்து வேலைக்குப் போய்வந்தார்.

என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னது ஒரே பதில்: "படத்திலை பாத்தனீங்கள்தானே." கேட்டவர்களும் தலையாட்டினார்கள். ஒரு படம் சொல்லிவிட்ட நியாயத்துக்கு மேல் யார் என்ன சொல்வது.

---

இந்த வருடம் கோட்-டெ-நெய்ஜ் தமிழர் ஒன்றியத்துக்கு முப்பது வயது. மலர் போடுகிறார்கள். வாழ்த்துச் செய்தியும் விளம்பரமுமாக வருகிற மலரை யாரும் வாசிப்பதில்லை என்பதால், இந்தமுறை சுவையாக ஏதாவது வேண்டும் என்று தலைவர் பேரின்பநாதன் யோசித்து, 'தொண்ணூறுகளின் பத்துப் படங்கள்' என்று ஒரு பட்டியல் தீர்மானித்தார். நாலு பேர் கொண்ட குழு. முதலாம் இடத்துக்கு வருகிற படத்தைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. அது யாருடைய தெரிவோ அவரே எழுதவேண்டும், பெயரும் படமும் போடப்படும்.

ஞானேந்திரனின் பெயர் அச்சில் வந்ததில்லை. வந்த புதிதில் ஒரு பத்திரிகைக்கு மூன்று விமர்சனம் அனுப்பினார், மூன்றும் வரவில்லை. குழுவுக்கு அவரைக் கேட்ட அன்றே கட்டுரையை எழுதிவிட்டார். தலைப்பு, 'சாத்திய கதவின் துணிவு'. நாலு தரம் திருப்பி எழுதி, கோடில்லாத தாளில் படியெடுத்து, மடிப்பு விழாமல் ஒரு பிளாஸ்ரிக் உறையில் வைத்திருந்தார்.

கூட்டம் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்த பிறகு. குழுவில் மற்ற மூவர்: பேரின்பநாதன், முன்னொரு காலத்தில் தெப்பனேர் வைத்து, பால், பாண், சிகரெட் விற்ற கடையின் பின்னறையில் படக் கசற் வாடகைக்கு விட்டவர். மொன்றியலில் அந்த நாளில் யார் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவருடைய கசற்றில்தான் பார்த்திருப்பார்கள். யோசெப்பின், மன்னார்ப் பக்கம், கார்டெரியில் பிள்ளை பார்த்து ஓய்வு பெற்றவர், பாட்டு நல்லாயிருந்தால் படத்தின் மற்றப் பாவங்களை எல்லாம் மன்னித்துவிடுகிறவர். வினோஜா, நூலகத்தில் வேலை செய்கிற பெண், இருபத்தெட்டு வயது. இளம் ஆட்களும் குழுவில் இருக்கவேண்டும் என்பதற்காகப் பிடித்துவந்தது. தொண்ணூறுகளின் படங்களை எல்லாம் இந்த மாரிக்குத்தான் கணினியில் இருந்து பார்த்து முடித்திருந்தாள்.

முதல் ஞாயிறு முழுவதும், தொண்ணூறுகள் என்றால் தொண்ணூறிலிருந்தா தொண்ணூற்றொன்றிலிருந்தா என்பதிலேயே போய்விட்டது. இரண்டாம் ஞாயிறு பத்திலிருந்து மூன்றுவரை முடித்தார்கள். பொலிஸ்காரன் படம் ஒன்று எட்டாம் இடத்துக்கு வந்தது; அது ஏழாம் இடத்துக்குரியது என்று பேரின்பநாதன் இருபது நிமிடம் வாதாடித் தோற்றார்.

மூன்றாம் ஞாயிறு மிஞ்சியது இரண்டு படம். யோசெப்பினின் 'ஏழுமலைத் தபால்காரன்', ஞானேந்திரனின் 'மூன்றாம் வீட்டுக் கதவு'. இதில் எது ஒன்று, எது இரண்டு.

"தம்பி ஞானம், நான் நேரடியாச் சொல்லுறன், கோவிக்காதை" என்றார் யோசெப்பின், கோப்பிக் கடுதாசிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு. "உன்ரை படம் நல்ல படம். ஆனா அதைப் பாத்திட்டு அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை. மழைக்குள்ளை அந்தப் பொடியனை விட்டிட்டுப் போட்டாங்கள். தபால்காரனிலை ஆறு பாட்டு. ஆறும் முத்து."

"அக்கா, பாட்டுப் போட்டியெண்டால் சொல்லுங்கோ, நான் எழும்பிப் போறன்."

"போறதெண்டால் அந்தக் கதிரையை மடிச்சு வைச்சிட்டுப் போ."

பேரின்பநாதன் சிரித்தார். ஞானேந்திரனும் உதட்டோரத்தால் சிரித்தார். இந்த ஞாயிறு அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது. உறை பையில் இருந்தது. தபால்காரனைத் தூக்கிப் பிடிக்க யோசெப்பின் மட்டும்தான். பேரின்பநாதன் அவர் பக்கம் வருவார். இனி அந்தப் பெண்ணின் வாக்கு.

"பிள்ளை என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். "உம்மடை வயசுக்கு உந்த முடிவு பிடிக்குமோ தெரியாது."

"பிடிச்சது, அங்கிள்" என்றாள் வினோஜா. "எனக்கு ஃபர்ஸ்ட் அதுதான். முடிவுக்காகத்தான்."

ஞானேந்திரன் யோசெப்பினைப் பார்த்தார். "கேட்டியளோ அக்கா. இருபத்தெட்டு வயசுப் பிள்ளைக்கு விளங்குது."

"அந்தக் கதவு ரெண்டாம்தரம் திறக்கேக்கை," வினோஜா தொடர்ந்தாள், "நான் கிட்டத்தட்ட அழுதிட்டன். அந்தக் கொண்டியை மட்டும் கிட்டத்திலை காட்டுவாங்கள், ஒரு கை வரும், ஆளின்ரை முகம் காட்டவே மாட்டாங்கள். அங்கிள் ஏன் அதுக்கு நாப்பது குடுத்தவர் எண்டு அப்பத்தான் விளங்கினது."

மண்டபத்தின் மறுபக்கத்தில் யாரோ மேசை இழுக்கிற சத்தம்.

"எந்தக் கதவு?" என்றார் ஞானேந்திரன்.

"அதுதான், வீட்டுக் கதவு. தம்பிக்காரன் வெளியிலை நிண்டு கதைச்சு முடிய."

"அவன் கதைக்கிறேல்லை. கதவு சாத்தினவுடனை படம் முடியுது. நீர் வேறை ஏதோ படத்தைப் பாத்திருக்கிறீர், பிள்ளை."

"இல்லை அங்கிள். சாத்தினாப் பிறகு இன்னும் பதினேழு நிமிசம் இருக்கு."

அவள் அதைத் தாழ்ந்த குரலில், தான்தான் ஏதோ பிழை விட்டதுபோலச் சொன்னாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். படத்தை எடுத்தவரின் குடும்பம் பழைய பிரதியைச் சுத்தப்படுத்திக் கார்த்திகையில்தான் இணையத்தில் போட்டிருக்கிறது. அதற்கு முன் இணையத்தில் எங்கும் கிடைக்கவில்லை. படத்துக்குக் கீழேயிருந்த நேரக்கோட்டைக் கடைசிப்பக்கம் தள்ளி, திரையை ஞானேந்திரனின் பக்கம் திருப்பினாள்.

மழை. தமையன் திறந்தான். பார்த்தான். சாத்தினான். திரை கறுத்தது. ஞானேந்திரனின் உடம்பு தன்பாட்டில் தளர்ந்து கதிரையில் சாய்ந்தது. இருபத்தெட்டு வருடம் பழகிய உடம்பு.

கறுப்புக்குள் மழைச்சத்தம் நிற்கவில்லை. ஒரு குப்பிவிளக்கு எரிந்தது. கதவின் உட்பக்கம் தமையன் முதுகைச் சாய்த்து நிற்கிறான். வெளியே தம்பி கதைக்கத் தொடங்குகிறான். தாய்தான் அவனைப் போகச் சொன்னது. போகாவிட்டால் கிணற்றில் விழுவேன் என்று சொன்னது. இதைத் தமையனிடம் சொல்லக்கூடாது, சொன்னால் அவன் திரும்பி வந்துவிடுவான் என்று சத்தியம் வாங்கியது. ஐந்து நிமிடம், கதவு மட்டும்தான் திரையில், குரல் மட்டும்தான். பிறகு கொண்டி. பிறகு ஒரு கை. கதவு திறந்தது.

அதற்குப் பிறகு வழமைபோலத்தான். கோயில் மணி, ஒரு பாட்டு, பந்தியில் எல்லாரும் இருந்து சாப்பிட்டுச் சிரித்தார்கள். கடைசியில் கைகூப்பிய இரண்டு கை. கீழே 'வணக்கம்'.

யோசெப்பின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொடியன் உள்ளை போட்டான்" என்றார் யாருக்கென்று இல்லாமல்.

ஞானேந்திரன் பேரின்பநாதனைத்தான் பார்த்தார். பேரின்பநாதன் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி போடாத கோப்பி.

"பேரின்பண்ணை. உங்களுக்கு இது தெரியும்."

"தெரியாமல் என்ன." கரண்டி நிற்கவில்லை. "அப்ப சனத்துக்கு ஒரு கசற்றிலை ரெண்டு படம் வேணும். ஆறு மணித்தியாலம்தான் பிடிக்கும். முதல் படம் 'கொலுவுக்கு வந்த மாமியார்', அது மூண்டேகாலுக்கு மேலை. உன்ரை படம் ரெண்டாவது. கடைசித்துண்டு ஏறேல்லை. கசற் முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான். எல்லாக் கசற்றும் அதிலையிருந்துதான் அடிச்சது."

"சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்லுறது? நீ கசற்றைத் திருப்பிக் கொண்டந்த அண்டைக்குக் கடை நிறையச் சனம். வணக்கம் கூடப் போடாமல் முடிச்சிருக்கிறான் பாருங்கோ, இவனல்லோ கலைஞன் எண்டு அரை மணித்தியாலம் பிரசங்கம் வைச்சாய். நிண்டதெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுது. அதுக்குப் பிறகு அந்தக் கசற் தட்டிலை தங்கேல்லை. சனத்துக்கும் பிடிச்சிருக்கு, உனக்கும் பிடிச்சிருக்கு. மிச்சம் கிடக்கு எண்டு சொல்லி நான் ஏன் கெடுப்பான்?"

"சரி. என்ரை தம்பி வந்திட்டுப் போனாப் பிறகு?"

கரண்டி நின்றது. 

"அப்ப எனக்குச் சொல்லப் பயமாயிருந்தது, ஞானம்" என்றார்.

வினோஜா ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள். கணினியை மூடுவதா விடுவதா என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டிருந்தாள். யோசெப்பின்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்.

"தபால்காரனை ரெண்டாவதாப் போடுங்கோ. கதவுதான் ஒண்டு. இப்ப எனக்கு ஒரு குறையும் இல்லை."

"எனக்கும் ஒண்டுதான்" என்றாள் வினோஜா.

"நானும் ஓம்" என்றார் பேரின்பநாதன் அவசரமாக. "ஞானத்தைக் கேக்கவே தேவையில்லை. ஏகமனதா—"

"நான் எதிர்" என்றார் ஞானேந்திரன்.

"அங்கிள், அது உங்கடை படம்."

"என்ரை படம் இதில்லை. இதுக்கு நான் முடிவுக்குப் பூச்சியம் போடுவன். மணி அடிச்சு, சோறு போட்டு, எல்லாரையும் சிரிக்க வைச்சு. இப்பிடி ஆயிரம் படம் கிடக்கு. எழுதுங்கோ, மூண்டுக்கு ஒண்டு."

மூன்றுக்கு ஒன்று என்றே எழுதினார்கள். இருபத்தெட்டு வருடம் ஊர்முழுக்கக் கொண்டுதிரிந்த படம் முதலாம் இடத்துக்கு வந்தது. பேரின்பநாதன் கூட்டக் குறிப்பைப் பார்த்தபடி, முகத்தைப் பாராமல் சொன்னார்: "கட்டுரை நீதான் எழுதவேணும். தெரிவு உன்ரை பேரிலைதான் இருக்கு. வாற ஞாயிறு தந்தால் காணும்."

உறையை அவர் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

---

திங்களும் செவ்வாயும் கட்டில் தள்ளினார். தகட்டை இடித்தார், கதவுகள் திறந்தன. இரண்டு தரம் பிழையான வாட்டுக்குப் போய், கட்டிலிலிருந்த கிழவி பிரெஞ்சில் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

புதன்கிழமை வேலை முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தவர் மேற்கோட்டைக் கழற்றாமல் மேசையில் இருந்து நாலாம் கொப்பியை எடுத்தார். ஒன்பதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு அழைப்பிதழ் கிடந்தது. பத்து வருடத்துக்கு முன் யோகேந்திரனின் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு, தம்பியின் மனைவி சிவாஜினி தன் பாட்டில் அனுப்பியது. அவர் போகவில்லை. பதிலும் போடவில்லை. ஆனால் எறியவுமில்லை. கீழே தொலைபேசி எண் இருந்தது.

எண் மாறியிருக்கும் என்று நினைத்துத்தான் அடித்தார். இரண்டாம் மணியில் எடுத்தாள் ஒரு பெண்.

"நான் மொன்றியலிலை இருந்து கதைக்கிறன். ஞானேந்திரன்."

 "ஓம், சொல்லுங்கோ அத்தான்" என்றாள்.

கணவனின் தமையனுக்குரிய அந்த முறையைச் சொல்லி அவரை ஒருவரும் இதுவரை கூப்பிட்டதில்லை. 

"ஒண்டுமில்லை. இஞ்சை சங்கத்திலை ஒரு மலர் போடீனம். பழைய படமொண்டைப் பற்றி எழுதவேணும். அதுதான், யோகனுக்கு ஏதும் ஞாபகமிருக்குமோ எண்டு..."

"கதவுப் படமோ?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்த வீட்டிலை அந்தப் படத்தின்ரை பேர் எடுக்கேலாது, அத்தான்." அவள் குரலில் கோபம் இல்லை, பழகிப்போன ஒரு வருத்தத்தைப் பற்றிச் சொல்கிற குரல். "கலியாணம் முடிச்ச புதிசிலை ஒருக்கா வாய்விட்டுச் சொன்னவர். ரொறன்ரோவிலை ஒரு கடைக் கசற் எடுத்துப் பாத்தவராம். பாத்த கிழமையே பஸ் எடுத்து உங்களிட்டை வந்தவராம். படத்திலை கதவைச் சாத்தினாப் பிறகும் அந்தத் தம்பி நிண்டு கதைப்பான்தானே? அவரும் நிண்டு கதைச்சவராம். உள்ளை ரிவி சத்தம் கேட்டதாம். அண்ணை எப்பிடியும் அந்தப் படத்தைப் பாத்திருப்பார், ரெண்டாம்தரம் திறப்பார் எண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் நிண்டவராம். இதையெல்லாம் பகிடி போலத்தான் சொன்னவர். நான்தான் சிரிக்கேல்லை."

ஞானேந்திரன் கதவைப் பார்த்தார். அதே கதவு. கட்டடக்காரன் இரண்டு தரம் நிறம் அடித்திருக்கிறான்.

"என்ன கதைச்சவனாம்?" என்று கேட்டார். "வெளியிலை நிண்டு. என்ன சொன்னவன் எண்டு உமக்குச் சொன்னவனோ?"

"இல்லை. அது அண்ணைக்குச் சொன்னது எண்டு போட்டார். ஏன், உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அவர் அழைப்பிதழைத் திருப்பி மேசையில் கவிழ்த்தார்.

"பொறுங்கோ," என்றாள் சிவாஜினி. "இஞ்சை பக்கத்திலைதான் இருக்கிறார். கேக்கிறன்."

அவள் தொலைபேசியைக் கையால் பொத்தியிருக்கவேண்டும். ஆனாலும் கேட்டது. அவள் ஏதோ சொன்னாள். ஒரு கதிரை கிரீச்சிட்டது. அங்கே ஒரு ரிவி ஓடிக்கொண்டிருந்தது, செய்தியோ எதுவோ, இதுவரை அவர் கவனிக்காத அளவுக்குத் தாழ்வாக. இப்போது அதன் சத்தம் கூடியது. இன்னும் கூடியது. சிவாஜினி திரும்பி வந்து பேசியபோது அந்தச் சத்தத்துக்கு மேலால்தான் பேசவேண்டியிருந்தது.

"குறை நினையாதேங்கோ அத்தான். அவர் இப்ப..."

"பரவாயில்லை," என்றார் ஞானேந்திரன். "படத்தைப் பற்றித்தான் கேக்க நினைச்சனான். பேந்து கதைக்கிறன்."

பேந்து என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள்தான் முதலில் வைத்தாள், மெதுவாக.

அவர் கொப்பியில் முடிவுக்கு எதிரே இருந்த நாற்பதை வெட்டினார். பேனாவைப் பிடித்தபடி கொஞ்சநேரம் இருந்தார். ஞாயிறன்று அத்தனை உறுதியாகச் சொன்ன பூச்சியத்தை எழுத முடியவில்லை. இடத்தை வெறுமையாக விட்டு மூடினார்.

---

அடுத்த ஞாயிறு அவர் பிந்தித்தான் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டுத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். பேரின்பநாதன் கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார்.

"மூன்றாம் வீட்டுக் கதவு. ஆண்டு தொண்ணூற்றாறு. நீளம், மூன்று மணித்தியாலத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. முழுதாகப் பார்க்கவும்." தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் ஒன்றுமில்லை. "ஞானம், ரெண்டு பக்கம் விட்டிருக்கு உனக்கு."

"விளம்பரம் போடுங்கோ."

"நீ ஏற்கெனவே எழுதி வைச்சிருக்கிறாய் எண்டு சொன்னியே தம்பி" என்றார் யோசெப்பின். "அதைக் கொஞ்சம் திருத்திக் குடன்."

"அது வேறை படத்துக்கு எழுதினது, அக்கா."

வினோஜா எழும்பி நின்றாள். "அங்கிள், நான் அண்டைக்கு அதைக் காட்டியிருக்கக் கூடாது. சொறி."

ஞானேந்திரன் அவளைப் பார்த்தார். அவளிடம் சொல்வதற்கு நல்லதாக ஒரு சொல் தேடுவதுபோலத்தான் இருந்தது. "நீராவது கடைசி மட்டும் பாத்தனீர்" என்றார்.

பேரின்பநாதன் துண்டுத்தாளை மலருக்கான கோப்புக்குள் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "சரி, இருக்கட்டும். கீழை உன்ரை பேரைப் போடுறன். படமொண்டு வேணும். நல்லதா எடுத்து வைச்சிருக்கிறியோ?"

"பேர் வேண்டாம்."

"முதலாமிடம், ஞானம். பேரில்லாமல் எப்பிடிப் போடுறது?"

"அந்தப் படத்தை வெட்டினவர் நீங்கள்தானே, பேரின்பண்ணை" என்றார் ஞானேந்திரன், சப்பாத்து நாடாவைக் குனிந்து இறுக்கிக்கொண்டு. "உங்கடை பேரைப் போடுங்கோ."